டி-பெல்ட் லைட் எரியவில்லை என்றால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

வந்த கேள்வி இதுதான்: 2013 மாடல் இன்னோவா, 2.5 டீசல். செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. மீட்டரில் 1,82,000 கிலோமீட்டர். "ஒரு லட்சத்திலேயே டைமிங் பெல்ட் மாத்தியாச்சு சார்" என்று விற்றவர் சொன்னார், ஆனால் பில் இல்லை. பெல்ட் மாற்றும் நேரம் வந்தால் எரியவேண்டிய டி-பெல்ட் (டைமிங் பெல்ட்) லைட்டும் டாஷ்போர்டில் எரியவில்லை. இப்போது மெக்கானிக் பெல்ட்டை மாற்றச் சொல்லி 11,500 ரூபாய் கேட்கிறார். ஏமாற்றுகிறாரா? அடுத்த மாதம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போகவேண்டும். போய்விட்டு வந்து மாற்றினால் போதாதா?

உங்கள் மெக்கானிக் ஏமாற்றவில்லை. நானும் இருபது வருடத்துக்கு மேலாகத் திருச்சியில் பட்டறை வைத்திருப்பவன், அதனால் "உங்காளுக்கு நீங்க பேசத்தான் செய்வீங்க" என்று நீங்கள் நினைக்கலாம். காரணத்தைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் அந்த லைட். அதற்குக் கண் கிடையாது. பெல்ட் இருக்கும் இடத்தில் அதைப் பார்க்கிற சென்சார் எதுவும் இல்லை. மீட்டருக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து கிலோமீட்டரை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் பெரும்பாலும் 1 லட்சம் வந்ததும் அவர் விளக்கை ஏற்றுவார். பெல்ட் மாற்றியபின் மெக்கானிக் சாவியைத் திருப்பி, டிரிப் மீட்டர் குமிழை அழுத்திப் பிடித்து, அந்தக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். ஐந்து நிமிட வேலை. பெல்ட்டையே தொடாமலும் அதே ஐந்து நிமிடத்தில் விளக்கை அணைக்கலாம். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எரியவேண்டும் என்கிற எண்ணைக்கூட மாற்றி வைக்க முடியும். விற்பனைக்கு வரும் வண்டியில் டாஷ்போர்டு சுத்தமாக இருந்தால்தான் விலை நிற்கும் என்பது புரோக்கர்கள் எல்லோருக்கும் தெரியும். விளக்கு எரியவில்லை என்பதற்கு "யாரோ, எப்போதோ கணக்கைத் திருப்பினார்கள்" என்பதைத் தாண்டி ஒரு பொருளும் இல்லை.

சரி, விற்றவர் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால் 1 லட்சம் வந்தது 2019-20 வாக்கில். அந்தப் பெல்ட்டுக்கு இன்று ஐந்து வயதுக்கு மேல். ரப்பருக்கு ஓட்டம் மட்டும் எதிரியில்லை. பானெட்டுக்குள் இருக்கும் சூடும், நம்மூர் ஏப்ரல் மே வெயிலும் சேர்ந்து, சும்மா நிறுத்திவைத்த வண்டியிலும் அதைக் கடினமாக்கிவிடும். "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ அது" என்று பல கம்பெனிகள் மேனுவலில் போடுவது அதனால்தான். பில் இல்லாத பெல்ட்டை மாற்றாத பெல்ட்டாகத்தான் நான் கணக்கில் எடுப்பேன்.

அந்தப் பெல்ட் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பயம் சரியான அளவுக்கு வரும். எஞ்சினில் கீழே கிராங்க் என்கிற தண்டு சுற்றுகிறது, பிஸ்டன்கள் மேலும் கீழும் போகின்றன. மேலே ஹெட்டில், அதாவது எஞ்சினின் தலைப்பகுதியில், கேம்ஷாஃப்ட் என்கிற இன்னொரு தண்டு சுற்றி, காற்றும் புகையும் போய்வரும் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. இரண்டையும் ஒரே தாளத்தில் சுற்றவைப்பதுதான் பெல்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று. இந்தத் தாளம் ஒரு பல் பிசகினாலும் கோளாறுதான். கேம் புல்லியில் 40 பல் இருந்தால், ஒரு பல் தாண்டினாலே கேம் 9 டிகிரி நகர்ந்துவிடும். அதைக் கிராங்க் கணக்கில் பார்த்தால் 18 டிகிரி. புகை தள்ளும், இழுவை இருக்காது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

ஒரு லட்சம் கிலோமீட்டரை மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டரில் ஓடினால் 2,500 மணி நேரம். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்தாலும் கிராங்க் 30 கோடி முறை சுற்றியிருக்கும், ஒவ்வொரு வால்வும் 15 கோடி முறை திறந்து மூடியிருக்கும். ஒரு ரப்பர் பட்டையும், அதற்குள் ஓடும் கண்ணாடி நார் இழைகளும்தான் அவ்வளவையும் தாங்குகின்றன. டாக்ஸியாக ஓடிய வண்டி என்றால் இன்னும் மோசம். கல்யாண மண்டப வாசலில் ஏசியைப் போட்டு இரண்டு மணி நேரம் நிற்கும். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், மீட்டர் நகராது. உங்கள் ஆர்சியில் முதல் ஓனர் யார், வண்டி எப்போதாவது மஞ்சள் போர்டில் இருந்ததா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது 2,494 சிசி, 16 வால்வு எஞ்சின். 2005-ல் இன்னோவா இங்கே வந்ததிலிருந்து 2016-ல் கிரிஸ்டா வரும்வரை டீசலில் இதுதான். இதன் பெல்ட் அமைப்பு கொஞ்சம் தனி ரகம். கிராங்கிலிருந்து பல்சக்கரங்கள் வழியாக ஒரு கீழ்ப் புல்லி சுற்றுகிறது. அதிலிருந்து மேலே கேம் புல்லிவரை மட்டும்தான் பெல்ட். இன்னொரு கேம், முதல் கேமோடு பல்சக்கரத்தில் கோத்திருக்கிறது. அதனால் பெல்ட் குட்டை, எஞ்சினின் முன்பக்கம் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். பல வண்டிகளில் எஞ்சின் மவுண்டைக் கழற்றி, கிராங்க் புல்லியை இழுத்து, அரை நாள் போராட வேண்டிய வேலை இது. இன்னோவாவில் அந்தப் புல்லியைத் தொடவே வேண்டாம். தெரிந்த ஆள் டீ குடிக்கும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவார். டொயோட்டாவுக்கு இதில் ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் அறுந்தால் கருணை கிடையாது. டீசல் எஞ்சினில் காற்றை 18 மடங்கு அளவுக்கு நசுக்கவேண்டும். அதற்காகப் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடம் விட்டிருப்பார்கள். வால்வு திறந்தபடி நின்றுபோனால் பிஸ்டன் வந்து நேராக அதன் மேல் மோதும். வால்வு வளையும். வேகமாகப் போய்க்கொண்டிருந்தால் பிஸ்டன் தலையிலும் அடி விழும். பழைய பெட்ரோல் எஞ்சின்கள் சிலவற்றில் வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு இடைவெளி உண்டு. அவற்றில் பெல்ட் போனால் வண்டி நின்றுபோகும், புதுப் பெல்ட் போட்டால் ஓடும். அந்த நினைப்பில்தான் சில பழைய டிரைவர்கள் "அறுந்தா மாத்திக்கலாம்பா" என்பார்கள். டீசலில் அந்தப் பேச்சு ஆகாது.

சில வருடம் முன்பு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு டீசல் டாக்ஸி, சென்னையிலிருந்து திருச்சி வரும் வழி. பாடாலூர் தாண்டி ராத்திரி பதினொரு மணிக்கு "டப்" என்று ஒரு சத்தம், அத்தோடு எஞ்சின் மௌனம். ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது, பிரேக் மிதித்தால் இறங்க மறுத்தது. எப்படியோ ஓரம் கட்டிவிட்டார். எனக்கு போன் போட்டுவிட்டு செல்ஃப் அடித்துப் பார்த்திருக்கிறார். போனிலேயே கேட்டது. வழக்கமாகச் செல்ஃப் அடித்தால் எஞ்சின் "உர் உர்" என்று திணறித்தானே சுற்றும்? அன்றைக்கு தையல் மெஷின் மாதிரி "சர்ர்ர்" என்று லேசாக ஓடியது. வால்வுகள் மூடாமல் நிற்கின்றன, நசுக்கக் காற்றே இல்லை என்பதற்கு அந்தச் சத்தம்தான் சாட்சி. "அண்ணே, சாவிய எடுத்துருங்க, இனிமே தொடாதீங்க" என்றேன். ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் மிச்சமிருக்கும் வால்வும் வளையும்.

பட்டறைக்கு வந்து கவரைத் திறந்தால் உள்ளே கருகின ரப்பர் வாசனை, தூள் தூளாகக் கறுப்புப் பொடி. பெல்ட் புதுசுதான். மாற்றி 30,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, பில்லும் வைத்திருந்தார். பில்லில் பெல்ட் மட்டும்தான் இருந்தது. பெல்ட் உருண்டு ஓடும் ஐட்லர் பேரிங் பழசு. மாற்றியவர் கையால் சுற்றிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டிருக்கிறார். அந்தப் பேரிங் இறுகி நின்றுபோக, அதன்மேல் தேய்ந்து தேய்ந்து பெல்ட் எரிந்திருக்கிறது. ஹெட்டை இறக்கினோம், எட்டு வால்வும் வளைந்திருந்தன. எல்லாம் முடிந்து 68,000 ரூபாய். அது போக ரிக்கவரி வண்டி, பதினோரு நாள் ஓட்டமில்லை. மிச்சம் பிடித்தது பேரிங் விலை, ஆயிரத்துச் சொச்சம்.

அதனால்தான் பெல்ட் மட்டும் மாற்றுகிறேன் என்று யாராவது மலிவாகச் சொன்னால் நான் அந்த வேலையை எடுப்பதில்லை. பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஐட்லர் மூன்றும் ஒன்றாக ஓடியவை, ஒன்றாகத்தான் போகவேண்டும். உங்கள் வண்டியில் டென்ஷனர் உள்ளே எண்ணெய் அடைத்த ஹைட்ராலிக் வகை. அதன் முனையில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலே ஆயுள் முடிந்தது. புதுசைப் போடும்போது கம்பி ஒன்று குத்தி அழுத்திய நிலையில் வரும். பெல்ட்டை மாட்டியபிறகுதான் அந்தக் கம்பியை உருவவேண்டும். பழசையே வைஸில் நசுக்கிக் கம்பி போட்டுத் திரும்ப மாட்டுகிறவர்களும் உண்டு. கேட்டுவையுங்கள்.

இப்போது 11,500-க்கு வருவோம். எங்கள் பக்கம் நான் பார்க்கிற பில்களில், ஒரிஜினல் சாமான் என்றால் ஏறக்குறைய இப்படி வரும். பெல்ட் 2,500 முதல் 3,500 வரை, டென்ஷனர் 3,000 முதல் 4,500 வரை, ஐட்லர் 2,000 முதல் 3,000 வரை, கூலி 1,500 முதல் 2,500 வரை. கூட்டினால் 9,000-லிருந்து 13,500. கம்பெனி சர்வீஸில் கூலி கொஞ்சம் கூடும். ஆக உங்கள் மெக்கானிக் சொன்ன தொகை நடுவில்தான் இருக்கிறது. மூன்று சாமானும் அதில் அடக்கமா என்று மட்டும் கேளுங்கள். பெல்ட்டுக்கு மட்டும் அந்த விலை என்றால் அப்போது சண்டை போடலாம். நெட்டில் இரண்டு வருடத்துக்கு முந்தைய பில்லைப் பார்த்து ஒப்பிட்டால் வரி வித்தியாசத்தையும் மனதில் வைக்கவும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே 18 சதவீத ஜிஎஸ்டி, முன்பு பலவற்றுக்கு 28 இருந்தது.

அறுந்தபிறகு ஆகும் செலவுக்கு மேல் எல்லை கிடையாது. ஹெட் இறக்க, வால்வுகள், வால்வு கைடு, ஹெட் கேஸ்கெட், லேத்தில் ஃபேசிங், புது ஆயில், கூலன்ட், கூலி என்று 50,000-க்குக் கீழே முடிந்தால் அதிர்ஷ்டம். பிஸ்டன்வரை போனால் லட்சத்தைத் தாண்டும். "இன்ஷூரன்ஸ் இருக்கே" என்று நினைக்காதீர்கள். சாதாரண பாலிசியில் தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் கிடையாது. எஞ்சின் புரொடெக்‌ஷன் என்று கூடுதலாகப் போடுவதும் பெரும்பாலும் தண்ணீர் புகுந்தது, அடியில் இடித்து ஆயில் ஒழுகியது போன்றவற்றுக்குத்தான்.

"திறந்து பார்த்துவிட்டு நன்றாக இருந்தால் விட்டுவிடலாமே" என்று கேட்பீர்கள். பார்க்கலாம், தப்பில்லை. பெல்ட்டின் முதுகு கண்ணாடி போல் பளபளத்தாலோ, ஓரத்தில் நூல் பிரிந்தாலோ, எண்ணெய் நனைத்திருந்தாலோ முடிவு உடனே தெரிந்துவிடும். புதுப் பெல்ட்டின் முதுகில் பார்ட் நம்பரும் எழுத்தும் பளிச்சென்று இருக்கும். உங்களுடையதில் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாமல் அழிந்திருந்தால் நிறைய ஓடியிருக்கிறது. ஆனால் எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்பதை வைத்து ஆயுள் சொல்ல முடியாது. இப்போதைய ரப்பர் வெடிப்பே காட்டாமல் பல்லை உதிர்த்துவிடும், உள்ளிருக்கும் நார் அறுந்ததும் வெளியே தெரியாது. மேலும் பார்ப்பதற்காகக் கவரைத் திறந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. பாதியில் மூடுவானேன்?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லா வண்டியிலும் பெல்ட் இல்லை. கிரிஸ்டா டீசல், மாருதி கே-சீரிஸ் பெட்ரோல், பழைய ஸ்விஃப்ட் டீசலில் இருந்த ஃபியட் 1.3 எல்லாம் செயின். பெல்ட் உள்ளவை: பழைய மாருதி 800, ஆம்னி, ஸென், பழைய சான்ட்ரோ, ஐ10-ன் 1.1, டஸ்டர் மற்றும் சன்னியின் 1.5 டீசல், போலோ வென்டோவின் டிடிஐ டீசல், 2016 வரை வந்த ஃபார்ச்சூனர் 3.0. செலவும் வண்டிக்கு வண்டி மாறும். சான்ட்ரோவில் 3,000-லிருந்து 5,000-க்குள் முடியும், டிடிஐ என்றால் வாட்டர் பம்போடு சேர்த்து 20,000-க்கு மேல் தயாராக இருங்கள். டிடிஐ எஞ்சின்களிலும் டஸ்டர் டீசலிலும் வாட்டர் பம்ப்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. பம்ப் ஒழுகினால் பெல்ட் போகும், பம்ப்பை மாற்றப் பெல்ட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும், அதனால் சேர்த்தே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். டஸ்டர்காரர்கள் வெளியே ஓடும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் பழசாக விடக்கூடாது. அது பிய்ந்தால் நூல், கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டையே தள்ளிவிட்ட கதைகள் உண்டு.

பெருமளவில் தயாரித்த கார் எஞ்சினில் ரப்பர்ப் பல்பட்டை வந்ததே 1962-ல், கிளாஸ் 1004 என்கிற ஜெர்மன் காரில். செயினைவிட மலிவு, சத்தம் குறைவு, எண்ணெய் வேண்டாம் என்பதுதான் அதன் பெருமை. பிற்பாடு சில கம்பெனிகள் எண்ணெயில் நனைந்தே ஓடும் பெல்ட் செய்தன. ஃபோர்டின் 1.0 ஈக்கோபூஸ்ட் அப்படிப்பட்டது. அதில் ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டின் டென்ஷனர் கோளாறுக்காக 2023 கடைசியில் அமெரிக்காவில் சுமார் 1.4 லட்சம் ஃபோகஸ், ஈக்கோஸ்போர்ட் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அங்கே விற்ற ஈக்கோஸ்போர்ட் எல்லாம் நம்ம மறைமலைநகரில் தயாரித்து அனுப்பியவை. இங்கே ஈக்கோபூஸ்ட் வைத்திருப்பவர்கள் மேனுவலில் சொன்ன தர ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். அந்த ரகப் பெல்ட் பொடிந்தால் தூள் ஆயில் சல்லடையை அடைத்து எஞ்சினையே பிடிக்க வைத்துவிடும்.

மறுபடி உங்கள் இன்னோவாவுக்கு வருகிறேன். வேலை நடக்கும்போது முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள், நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். சாமான் பெட்டியைப் பிரிக்கும்போது நீங்கள் இருக்கவேண்டும், பழைய மூன்றையும் கையில் வாங்கிக்கொள்ளவேண்டும். பெல்ட்டை மடக்கி நசுக்கி வைத்திருந்தால் வாங்காதீர்கள், உள்ளே கண்ணாடி நார், முறியும். கவரைத் திறந்ததும் எண்ணெய் ஈரம் தெரிந்தால் முதலில் கசிகிற சீலை மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புதுப் பெல்ட்டும் ஊறும். எல்லாம் மாட்டியபிறகு சாவியைத் தொடுமுன் ஸ்பேனர் போட்டுக் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, புல்லியில் இருக்கும் டைமிங் மார்க் மறுபடி நேருக்கு நேர் வருகிறதா என்று பார்க்கிறாரா என்று கவனியுங்கள். எங்கேயாவது தட்டினால் கையிலேயே தெரியும், அப்போது சேதமில்லை. இதைச் செய்யாமல் நேராகச் செல்ஃப் அடிக்கிறவரிடம் அடுத்தமுறை போகவேண்டாம். கடைசியில் லைட் கணக்கைப் பூஜ்யத்துக்குத் திருப்பச் சொல்லி, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கவர் மேலேயே ஒட்டிவிடுங்கள். பில்லில் சாமான் பெயரும் நம்பரும் தனித்தனியாக வேண்டும்.

ராமேஸ்வரம் விஷயம். திருச்சியிலிருந்து போகவர ஏறக்குறைய 470 கிலோமீட்டர்தான், பெல்ட் தாங்கினாலும் தாங்கலாம். ஆனால் ராமநாதபுரம் தாண்டினால் பாம்பன்வரை நல்ல பட்டறை தேடுவது கஷ்டம். பாம்பன் பாலத்தின் நடுவில் அப்பா அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு ரிக்கவரி வண்டிக்குப் போன் போடுவது எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். கிளம்புவதற்கு முன்பே மாற்றுங்கள், அதுவும் முதல்நாள் சாயங்காலம் வேண்டாம். ஒரு வாரம் முன்னால் மாற்றி உள்ளூரில் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். முன்பக்கம் "கீச்" என்றோ "உய்ங்" என்றோ புதிதாக ஏதாவது சத்தம் வந்தால் திரும்பக் கொண்டுபோய்க் காட்ட நேரம் இருக்கும்.